செல்ஃப் திணறினால்: உப்புக்காற்று ஊரில், முழுச்சுற்று சுற்றாத இன்ஜினுக்குக் காரணம் கண்டுபிடிப்பது

ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன. அதே 61 நாள் வீட்டு வாசலில் நின்ற பிக்கப்பும் சின்ன யானையும் (டாடா ஏஸ்) அந்த மீனை ஏற்ற எழுந்தாக வேண்டும். மண்டபம், பாம்பன், ஏர்வாடி என்று எந்த ஊரை எடுத்தாலும், முதல் மீன் வரும் அந்த விடியற்காலையில் சில வண்டிகள் சாவியைத் திருப்பியதும் அரைச்சுற்று சுற்றி, முக்கி, நின்றுவிடும். விளக்கு பளிச்சென்று எரியும், ஹாரன் அடிக்கும், இன்ஜின் மட்டும் சுற்றாது.

எனக்கு இது நடந்தபோது ஒரு பட்டறையின் பேச்சைக் கேட்டு இரண்டு பேட்டரியும் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் ஒன்றும் மாற்றினேன். கடைசியில் காரணம், கியர்பாக்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போகும் ஒரு முழ நீள எர்த் வயர்; கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி அது. மேலே கறுப்பு ரப்பர் நன்றாக இருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து மாவாகியிருந்தது. அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட முறை இதுதான்: எதையும் மாற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். நம் கடற்கரையில் அந்த அளவை வயரிலிருந்தும் அதன் முனைகளிலிருந்தும் தொடங்க வேண்டும்.

சாவியை இரண்டாம் முறை திருப்புமுன்

முதல் கேள்வி: இந்த வண்டி கடைசியாக ஓடியபோது தண்ணீரில் இறங்கியதா? ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தெருவில் ஓடியதா? படகுத்துறையில் பின்னால் எடுத்தபோது அலை உள்ளே வந்ததா? ஆம் என்றால் சாவியைத் தொடாதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் கூடாது, கட்டி இழுக்கவும் கூடாது.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 625 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 18 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் வெறும் 37 சிசிதான். சின்ன டீ கிளாஸில் பாதிகூட இல்லை. அதைவிட அதிகமாகத் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் உச்சியை எட்டாமல் 'டக்' என்று முட்டி நிற்கும். செல்ஃப் மட்டும் சுற்றி முட்டினால் பல நேரம் சேதமில்லாமல் தப்பிக்கலாம். ஓடுகிற வேகத்திலோ, தள்ளி கிளட்சை விடும்போதோ முட்டினால் கனெக்டிங் ராடு வளையும். அதன் பிறகு இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும்.

ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். டீசலில் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றுங்கள். அது இல்லாத இன்ஜின் என்றால் இன்ஜெக்டரை. பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்குகள். உப்புக்காற்றில் இருந்த ஹீட்டர் பிளக் திருகும்போதே முறியக்கூடும், துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டுப் பொறுமையாகத் திருக வேண்டும். எரிபொருள் பாயாமலும் பொறி வராமலும் இன்ஜெக்டர், காயில் கனெக்டர்களைக் கழற்றி வையுங்கள். எல்லோரும் ஒதுங்கி நின்றபின் செல்ஃப் அடித்தால் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே பீய்ச்சி அடிக்கும்.

வந்தது கடல்நீர் என்றால் இந்த வேலை அன்றைக்கே முடிய வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் தெளித்து, கையால் சில சுற்று சுற்றி, ஆயிலும், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டும் மாற்றுங்கள். ஆயில் மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கீழேயும் இறங்கிவிட்டது என்று பொருள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உப்பு ஒரே இரவில் சிலிண்டர் சுவரில் துருவைக் கட்டிவிடும்.

தண்ணீரில் இறங்காத வண்டியிலும் இதே 'டக்' வரலாம். ஹெட் கேஸ்கட் போன இன்ஜினில் ரேடியேட்டர் தண்ணீர் இரவோடு இரவாகச் சிலிண்டருக்குள் கசியும். காலையில் முதல் சுற்று முட்டி நின்று, ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்திருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

என்ன சத்தம் வருகிறது

'செல்ஃப் எடுக்கலை' என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து தனித்தனிப் பழுதுகள் இருக்கின்றன. மெக்கானிக்குக் கூப்பிடுவதானாலும் சத்தத்தைச் சரியாகச் சொல்லுங்கள்.

ஒரு சத்தமும் இல்லையென்றால் சாவி ஸ்விட்ச், ரிலே, ஃபியூஸ், கிளட்ச் மிதியில் இருக்கும் ஸ்விட்ச் இவற்றில் ஒன்று. 'கட கட கட' என்று அடுக்கடுக்காக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பிடிக்கவில்லை. ஒரே ஒரு 'டக்', அப்புறம் அமைதி என்றால் செல்ஃப் மேலே உட்கார்ந்திருக்கும் காந்த ஸ்விட்சான சோலினாய்டின் செம்புத் தொடுமுனை தேய்ந்திருக்கலாம், பல்சக்கரம் சிக்கியிருக்கலாம், இன்ஜினே இறுகியிருக்கலாம். 'ஙீ' என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றினால், செல்ஃபின் பல்சக்கரத்தை இன்ஜினோடு கோக்கும் பெண்டிக்ஸ் பிடிக்கவில்லை. சுற்றத் தொடங்கி, மெதுவாகி, கம்ப்ரஷனில் முக்கி நிற்பது ஐந்தாவது. நம் பக்கம் மிக அதிகமாக வருவதும், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

குளிர் ஊர்களில் இன்ஜின் ஆயில் கெட்டியாவதும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். மார்கழியிலும் நம் ஊரில் அந்தக் கவலை இல்லை.

கையில் வேண்டியவை

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 நம்பர் ஸ்பேனர், கம்பி பிரஷ், உப்புத்தாள், ஆப்பச் சோடா, வாசலின், தடிமனான ஜம்ப்பர் கேபிள். மெல்லிய ஜம்ப்பர் கேபிளை வாங்காதீர்கள். அதன் வழியே செல்ஃப் சுற்றாது, கேபிள்தான் சூடாகும்.

வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து நிற்கட்டும். கைலியை இறுக்கி மடித்துக் கட்டுங்கள், தோள் துண்டைக் கழற்றி வையுங்கள். ஃபேன் பெல்ட் எதையும் விட்டுவைக்காது. மோதிரம், இரும்புச் செயின் வாட்ச் கையில் வேண்டாம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. டெர்மினலைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

பேட்டரியை அளப்பது

ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணையுங்கள். மேலோட்டமாக நிற்கும் சார்ஜ் வடிந்துவிடும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, முனைகளைப் பேட்டரியின் ஈயக் குமிழில் வையுங்கள், கிளாம்பில் அல்ல. 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 முக்கால். 12.2 பாதி. 12 என்றால் கால்தான். 12.4-க்குக் கீழே இருந்தால் முதலில் நன்றாக சார்ஜ் ஏற்றுங்கள். பாதி சார்ஜில் இருக்கும் பேட்டரியை வைத்துக்கொண்டு செய்யும் மற்ற எந்தச் சோதனையும் குழப்பத்தில்தான் முடியும்.

மூடி திறக்கும் பேட்டரி என்றால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைந்து காட்டினால் அந்த செல் போய்விட்டது, பேட்டரியை மாற்ற வேண்டியதுதான். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். கிணற்று நீரும் போர் நீரும் நம் ஊரில் எவ்வளவு உப்பு என்று தேநீர் குடித்தாலே தெரியும்; பேட்டரிக்கு அது நஞ்சு.

சுற்றும்போது அளப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மீட்டர் முனைகள் ஈயக் குமிழிலேயே இருக்கட்டும். இன்னொருவரை உட்கார வைத்து ஐந்து நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பத்து நொடிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஒன்றிரண்டு நிமிடம் மோட்டார் ஆறட்டும். பழைய டீசலில் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டால் ஸ்டார்ட் ஆகாமல் சுற்றும்.

இப்போது எண்ணைப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் ஒன்று பேட்டரி பலவீனம், இல்லையென்றால் செல்ஃப் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கிறது. மாறாக, 11.5, 12 என்று எண் அசையாமல் நிற்க, இன்ஜின் மட்டும் திணறினால் பேட்டரி மேல் குற்றமில்லை. கரண்ட் செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை, வழியில் எங்கோ தடுக்கப்படுகிறது. நான் இரண்டு பேட்டரி மாற்றியபோது இந்த ஒரு எண்ணை யாராவது பார்த்திருந்தால் போதும்.

விளக்கு பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் சுற்றாதது ஏன்? இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 9 ஆம்பியர். டீசல் செல்ஃபுக்கு 200, 300 ஆம்பியர் வேண்டும். எர்த் வயரின் முனையில் வெறும் 0.02 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். விளக்குக்கு அதனால் 0.2 வோல்ட்கூட இழப்பில்லை. செல்ஃபுக்கு 200 ஆம்பியரில் 4 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். பிஸ்டன் கம்ப்ரஷனில் ஏறும்போதுதான் மோட்டாருக்கு அதிக பலம் தேவை, அதே நேரத்தில்தான் இழப்பும் அதிகம். அதனால்தான் அரைச்சுற்று எளிதாக வந்து, சரியாக அந்த இடத்தில் நிற்கிறது.

தடை எங்கே என்று தேட, செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பகுதியின் இரு முனைகளிலும் மீட்டரை வைக்க வேண்டும். மைனஸ் குமிழிலிருந்து அதன் கிளாம்ப்: கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். மைனஸ் குமிழிலிருந்து இன்ஜின் பிளாக்கின் பெயிண்ட் இல்லாத இரும்பு: 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பிளஸ் குமிழிலிருந்து செல்ஃப் சோலினாய்டின் பெரிய போல்ட்: 0.5-க்குள். சோலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவில்: 0.3-க்குள். எந்த இடத்தில் எண் எகிறுகிறதோ அங்கேதான் பழுது.

மீட்டர் இல்லாமல் நடுவழியில் நின்றால் ஜம்ப்பர் கேபிள் ஒன்றே போதும். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் குமிழில் கடிக்க விடுங்கள், மறுமுனையை இன்ஜினின் வெறும் இரும்பில் கடிக்க விடுங்கள், பெல்ட்டுக்கு எட்டாத இடமாக. சாவியைத் திருப்புங்கள். இன்ஜின் சுறுசுறுப்பாகச் சுற்றினால் எர்த் வயர்தான் பழுது, அப்படியே ஓட்டி வீடு சேரலாம். என் வண்டியை மண்டபத்தில் ஒரு லாரி டிரைவர் இப்படித்தான் கிளப்பிக் கொடுத்தார். சில மாதங்களாகச் செலவழித்தது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது.

எர்த் ஏன் இங்கே இப்படிக் கெடுகிறது

வடக்கே பெண்கடல் (பாக் விரிகுடா), தெற்கே ஆண்கடல் (மன்னார் வளைகுடா). வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் காற்றில் உப்பு இருக்கிறது. மீன் வண்டிக்கு மேலும் ஒரு சோதனை: ஐஸ் உருகி, மீன் பெட்டியின் உப்பும் கொழுப்பும் கலந்த நீர் தளத்தின் இடுக்கு வழியே சேஸிஸில் சொட்டிக்கொண்டே இருக்கும். எர்த் வயர் இருப்பது அதற்கு நேர் கீழே. வாலிநோக்கம் பக்கம் உப்பு லோடு அடிக்கும் வண்டிகளின் கதியும் இதுதான். செம்பு, இரும்பு, ஈயம் என்று வேறு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் அரிப்பு வேகம் பிடிக்கும். வயரின் முனையில் ரப்பருக்குள் அந்த நீர் ஏறிவிட்டால் வெளியே ஒன்றுமே தெரியாது. வயரை விரலால் வளைத்துப் பாருங்கள். உள்ளே நறநறவென்று இருந்தாலோ, ஒரு இடம் மட்டும் விறைத்து உப்பியிருந்தாலோ அது முடிந்துபோன வயர். ஐந்து நொடி செல்ஃப் அடித்தபின் முனைகளைத் தொட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை, சுடுகிற முனையே குற்றவாளி.

புது வயர் பழையதன் தடிமனுக்குக் குறையக் கூடாது. படகுகளுக்கு விற்கும் டின் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே போடுங்கள், விலை கூடுதல்தான், ஆனால் பச்சை பூப்பது வெகுநாள் தள்ளிப்போகும். வயர் முனையில் மாட்டும் லக்கை அழுத்தி நசுக்கி, சுருங்கும் ஸ்லீவ் போட்டு வாயை மூட வேண்டும். சேஸிஸில் மாட்டும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல்வாஷர் வைத்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே கிரீஸோ வாசலினோ தடவுங்கள். பேட்டரி மைனஸிலிருந்து நேராக கியர்பாக்ஸுக்கு இன்னொரு எர்த் வயர் போட்டுவிடுவது என் சிபாரிசு. தொழிற்சாலை கொடுத்த எர்த் எல்லா ஊருக்கும் பொதுவானது, நம் காற்றுக்குத் தனியாக ஒன்று வேண்டும்.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு கரண்டி ஆப்பச் சோடா கரைத்து ஊற்றுங்கள், நுரைத்து விட்டுவிடும். அந்த நீர் பேட்டரிக்குள் போகாமல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும்.

வோல்ட் சரிந்தால்

9.6-க்குக் கீழே விழுந்த வண்டிக்கு, நல்ல பேட்டரி உள்ள இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்துப் பாருங்கள். பிளஸுக்குப் பிளஸ், நல்ல பேட்டரியின் மைனஸிலிருந்து வரும் கேபிளை, படுத்த வண்டியின் இன்ஜின் இரும்பில் மாட்ட வேண்டும். லாரி, பஸ்ஸின் 24 வோல்ட்டை 12 வோல்ட் வண்டிக்குக் கொடுக்காதீர்கள், எலக்ட்ரானிக் பாகங்கள் எரிந்துபோகும்.

ஜம்ப்பில் சுறுசுறுப்பாகச் சுற்றினால் பேட்டரிதான். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் டைனமோ சார்ஜ் கொடுக்கவில்லை, புது பேட்டரியும் ஒரு வாரத்தில் படுத்துவிடும். ஓடுகிற இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழைய பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட் டைனமோ டையோடையும் இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூவையும் கொன்றுவிடும்.

ஜம்ப் கொடுத்தும் திணறினால் செல்ஃப் உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, சுழலும் ஆர்மேச்சர் உரசலாம், கார்பன் பிரஷ் முடிந்திருக்கலாம். காலையில் நன்றாகச் சுற்றி, ராமநாதபுரம் போய் வந்து சூடான பிறகு மட்டும் திணறும் வண்டிக்குப் பெரும்பாலும் இந்த உரசல்தான் காரணம். சுத்தியலால் செல்ஃபைத் தட்டுவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. பிரஷ் சிக்கியிருந்தால் பலிக்கும். மரக் கைப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். காந்தம் வைத்த மோட்டார்களில் ஓங்கி அடித்தால் காந்தம் உடையும்.

இன்ஜின்தான் இறுகியதா

செல்ஃபைக் கழற்றுமுன் இன்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். சாவியை எடுத்துவிட்டு, மைனஸைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே திருப்ப வேண்டும். பெரும்பாலான இன்ஜினுக்கு, முன்னாலிருந்து பார்த்தால் அது கடிகார முள் சுற்றும் திசை. இரண்டு முழுச்சுற்று சுற்றினால்தான் நான்கு சிலிண்டரும் ஒருமுறை கம்ப்ரஷன் ஏறி இறங்கும். ஹீட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டால் கை நோகாது.

சீராகச் சுற்றினால் இன்ஜின் நன்றாக இருக்கிறது, செல்ஃபைக் கழற்றலாம். சுற்று முழுக்க இறுக்கமாக இருந்தால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போது இளகினால், நின்ற நாட்களில் டைனமோவோ ஏசி கம்ப்ரஸரோ துருப்பிடித்து இறுகியிருக்கிறது. அதுவே இன்ஜினைப் பிடித்து நிறுத்துகிறது. பெல்ட் இல்லாமலும் அசையவில்லை என்றால், பெண்டிக்ஸ் பல் இன்ஜின் ஃப்ளைவீலின் ரிங் கியரில் சிக்கியிருக்கலாம்: டாப் கியரில் போட்டு இரண்டு பேர் வண்டியை முன்னும் பின்னும் உந்தினால் விடுபடும். அதிலும் அசையாவிட்டால், ஆயில் இல்லாமல் ஓடி பேரிங்கோ பிஸ்டனோ பிடித்திருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் முட்டி நின்றால் முதல் பகுதிக்குத் திரும்புங்கள், உள்ளே தண்ணீர்.

ஏப்ரல் 15 அன்று செய்ய வேண்டியது

வண்டி அணைந்திருக்கும்போதும் கடிகாரம், இசியூ, அலாரம் எல்லாம் கொஞ்சம் கரண்ட் இழுக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தால்கூட 61 நாளில் 44 ஆம்பியர்-மணி. பல பிக்கப்புகளின் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. அது தானாக இறங்குவது தனிக்கணக்கு. நம் சித்திரை வெயிலில் அதுவும் வேகமாகவே நடக்கும். இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது.

தடைக்காலம் தொடங்கும் நாளில் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உப்பு போரில் கழுவினால் கழுவாததைவிட மோசம். காய்ந்தபின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுங்கள். ஜூனில் முதல் முறை சாவியைத் திருப்புமுன் பெல்ட்டைக் கழற்றி டைனமோ, வாட்டர் பம்ப் புல்லிகளைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு கிராங்க் புல்லியில் சாக்கெட் போட்டு இரண்டு சுற்று. அதை 12-ஆம் தேதியே செய்துவிடுங்கள். ஏதாவது இறுகியிருந்தால் ராமநாதபுரத்துக்குப் போய்ச் சாமான் வாங்கி வர இரண்டு நாள் கையில் இருக்கும்.